கடையை மூடச் சொன்னால் உலைக்கு யார் பொறுப்பு?



'அத்தியாவசியம்' என்ற சொல்லை நாம் பல காலமாகக் கேட்டு வருகிறோம். அத்தியாவசியப் பண்டங்களின் விலை ஏறினால் முணுமுணுப்போம், இறங்கினால் மகிழ்வோம். அத்துடன் மறந்து விடுவோம். ஆனால், ஒரு குடும்பத்தின் அடுப்பை எரிய வைக்கவும் அணைத்து விடவும் அந்தச் சொல்லுக்குச் சக்தி உண்டு என்பதை, 2020ஆம் ஆண்டு மார்ச் மாதம் 20ஆம் திகதி மாலை 6 மணிக்குப் பிறகுதான் இலங்கை மக்கள் நன்றாகத் தெரிந்து கொண்டார்கள். அன்று வெள்ளிக்கிழமை. கொவிட் நோயைத் தடுப்பதற்காக நாடு முழுவதும் ஊரடங்குச் சட்டம் பிறப்பிக்கப்பட்டது. அந்த நேரம் முதல் நாட்டிலுள்ள தொழில்கள் எல்லாம் இரண்டாகப் பிரிந்தன. அத்தியாவசியம் என்று பெயர் பெற்றுத் திறந்திருந்தவை ஒரு பக்கம். அந்தப் பெயர் கிடைக்காமல் மூடிக் கிடந்தவை மறு பக்கம்.

இந்தப் பெயரைச் சூட்டுவது யார்? எந்த அளவுகோலைக் கொண்டு சூட்டுகிறார்கள்? மூடச் சொல்லப்பட்டவனின் வீட்டு உலைக்கு யார் பொறுப்பு? நோய் போய்விட்டது என்று இந்தக் கேள்விகளை மூட்டை கட்டி வைத்துவிட முடியாது. நாளை வேறொரு நோய் வரலாம், அல்லாஹ் காப்பானாக! அன்றைக்கும் இதே பட்டியலைத்தான் தூசி தட்டி எடுப்பார்கள். ஆகவே பதற்றம் இல்லாத இந்த நேரத்திலேயே இதைச் சிந்தித்து வைப்பது நல்லது.

குருவிட்ட கடைவீதியைப் பாருங்கள்

கொழும்பிலிருந்து அவிசாவளை, எஹெலியகொடை வழியாக இரத்தினபுரிக்குச் செல்லும் ஏ-4 நெடுஞ்சாலையில், இரத்தினபுரியை எட்டுவதற்குச் சற்று முன்னால் வருவது குருவிட்ட. பாவா ஆதம் மலைக்கு எரத்ன வழியாக ஏறுவோர் இங்கிருந்துதான் பிரிந்து செல்வார்கள். ஊரை ஒட்டிக் குரு கங்கை ஓடுகிறது. சுற்றிலும் தேயிலை, றப்பர். வயலோரங்களில் மாணிக்கக் குழிகள். இவற்றை நம்பி இருப்பது கடைவீதி. சில்லறைக் கடை, பேக்கரி, துணிக்கடை, தையற்கடை, சலூன், பாமசி, தொலைபேசிக்கு ரீலோட் போடும் கடை, முச்சக்கர வண்டித் தரிப்பிடம் என்று நம் நாட்டுச் சிறு நகரங்களில் காணும் அத்தனையும் இங்கும் உண்டு.

இப்படிப்பட்ட ஓர் ஊருக்கு ஊரடங்கு வந்தால் என்ன ஆகும்?

தேயிலைக்கு அனுமதி கிடைத்தது. ஊரடங்கு தொடங்கிய சில நாட்களிலேயே, நெல் விவசாயமும் பெருந்தோட்ட வேலையும் சிறு தேயிலைத் தோட்ட உரிமையாளர்களின் வேலையும் தடையின்றி நடக்கலாம் என்று அரசாங்கம் அறிவித்தது. காரணம் விளங்கக் கூடியதுதான். தேயிலைச் செடிக்கு ஊரடங்கு தெரியாது. தாழ்நாட்டுத் தேயிலையில் ஏறக்குறைய வாரத்துக்கு ஒரு முறை கொழுந்து பறித்தாக வேண்டும். சுற்றுத் தவறினால் கொழுந்து முற்றி இலையாகி விடும். பறித்த கொழுந்தை அன்றைக்கே தொழிற்சாலையில் சேர்க்காவிட்டால் அது வெந்து பழுதாகும். நாட்டுக்கு டொலர் தேடித் தரும் பயிர் வேறு. 1883ஆம் ஆண்டு தொடங்கிய கொழும்புத் தேயிலை ஏலம் 2020 ஏப்ரல் 4ஆம் திகதி முதன்முறையாகக் கணினி வழியாக நடந்தது என்றால், தேயிலையை நிறுத்தக் கூடாது என்பதில் எவ்வளவு அவசரம் இருந்தது என்பதை ஊகித்துக் கொள்ளுங்கள்.

மாணிக்கத்தின் கதை வேறு. மாணிக்கக்கல் ஓர் ஆடம்பரப் பொருள் என்பதில் ஐயமில்லை. வெளிநாட்டு வியாபாரி வராத காலத்தில் அதை வாங்கவும் ஆளில்லை. ஆகவே அது பட்டியலில் இல்லாததில் நியாயம் இருப்பதாகத் தோன்றும். ஆனால் குழிக்குள் இறங்கி வேலை செய்பவன் மாதச் சம்பளக்காரன் அல்லவே! சாப்பாட்டையும் சிறு கைச்செலவையும் பெற்றுக்கொண்டு, கல் கிடைத்து விற்ற பிறகு பங்கு வாங்குபவன். வேலை நின்றால் அவனுக்குச் சாப்பாடும் நின்றது, பங்கும் நின்றது. இன்னொன்றும் உண்டு. குழியில் ஊறும் தண்ணீரைப் பம்பு வைத்து இறைக்காமல் விட்டால் நீர் நிரம்பி மண் சரிந்து, மாதக் கணக்கில் பாடுபட்ட குழி வீணாகிவிடும். மாணிக்கம் அத்தியாவசியம் இல்லை என்றாலும், குழியைக் காக்கும் ஒருவனுக்கு நாளுக்கு இரண்டு மணி நேரப் பம்பு வேலை அத்தியாவசியம்! தொழிலின் பெயரை மட்டும் பார்த்துப் பட்டியல் போடுபவருக்கு இது கண்ணில் படாது.

தையற்காரருக்கு நேர்ந்ததையும் பாருங்கள். அந்த ஆண்டு ஏப்ரல் 25ஆம் திகதி இலங்கையில் ரமழான் நோன்பு தொடங்கியது. மே 24ஆம் திகதி நோன்புப் பெருநாள். பெருநாளன்றும் மறுநாளும் நாடு முழுவதும் ஊரடங்கு. புத்தாடை வாங்கக் கடைவீதியில் கூடாதீர்கள் என்று உலமாக்களும் கேட்டுக்கொண்டார்கள். அது சரியான அறிவுரை. இருக்கும் நல்ல ஆடையை அணிந்து வீட்டிலேயே பெருநாளைக் கழித்தோம். ஆனால் ஆண்டு முழுவதும் பெருநாள் மாதத்து வருமானத்தை எதிர்பார்த்திருக்கும் தையற்காரருக்கும் துணிக்கடைப் பணியாளருக்கும் அந்த மாதம் எப்படிக் கழிந்தது?

சட்டம் சொல்வது என்ன?

நோய்க் காலத்தில் நடமாட்டத்தைத் தடுக்க நம் நாட்டில் துணை நிற்பது 1897ஆம் ஆண்டின் தனிமைப்படுத்தல், நோய்த் தடுப்புக் கட்டளைச் சட்டம். ஆங்கிலேயர் காலத்தில், பிளேக் முதலிய கொள்ளை நோய்களுக்கு அஞ்சிய நாட்களில் வந்தது. 'அத்தியாவசிய சேவை' என்ற சொல் நமக்குப் பழகியதோ பெரும்பாலும் 1979ஆம் ஆண்டின் 61ஆம் இலக்க அத்தியாவசியப் பொதுச் சேவைகள் சட்டத்தால். ஒரு சேவையை அத்தியாவசியம் என்று பிரகடனம் செய்தால், அதில் வேலை செய்பவர்கள் வேலைக்கு வராமல் இருப்பது குற்றமாகும். அதாவது, வேலைநிறுத்தத்தைத் தடுக்கும் சட்டம்.

ஆக, ஒரு சட்டம் 'வெளியே வராதே' என்கிறது. மற்றச் சட்டம் 'வராமல் இருக்காதே' என்கிறது. வந்து உழைப்பவனுக்கு என்ன பாதுகாப்பு, வராமல் இருக்கச் சொன்னவனுக்கு என்ன ஆகாரம் என்பதைத் தனியே எவராவது நினைத்துப் பார்த்தால்தான் உண்டு.

மார்க்கம் தரும் அளவுகோல்

இந்தக் கேள்விக்கு நம் இமாம்கள் பல நூறு ஆண்டுகளுக்கு முன்பே வழிகாட்டியிருக்கிறார்கள். மனிதரின் தேவைகளை அவர்கள் மூன்று படிகளாக வகுத்தார்கள். முதலாவது ளரூரிய்யாத், அது இல்லாவிட்டால் வாழ்வே குலைந்து போகும். இரண்டாவது ஹாஜிய்யாத், அது இல்லாவிட்டால் வாழ்வு நடக்கும், ஆனால் கஷ்டமாகும். மூன்றாவது தஹ்ஸீனிய்யாத், வாழ்வுக்கு அழகும் நிறைவும் சேர்ப்பது. இமாம் கஸ்ஸாலி (ரஹ்) அவர்களும், பின்னர் 14ஆம் நூற்றாண்டில் இமாம் ஷாத்திபி (ரஹ்) அவர்களும் இதை விரிவாக எழுதினார்கள். முதற்படியில் காக்கப்பட வேண்டியவை ஐந்து: மார்க்கம், உயிர், அறிவு, சந்ததி, பொருள்.

இதைவிட அருமையான மற்றொரு செய்தியும் இமாம் கஸ்ஸாலி (ரஹ்) அவர்களின் 'இஹ்யா'வில் இருக்கிறது. எவை பர்ளு கிஃபாயா என்று விளக்கும் இடத்தில் மருத்துவத்தையும் கணக்கையும் சேர்த்த இமாமவர்கள், விவசாயம், நெசவு, தையல், இரத்தம் குத்தி எடுத்தல் போன்ற தொழில்களையும் அதில் சேர்க்கிறார்கள். பர்ளு கிஃபாயா என்றால் என்ன? ஜனாஸாத் தொழுகையைப் போல, ஊரில் சிலர் செய்தால் எல்லோருடைய கடமையும் நீங்கும். எவரும் செய்யாவிட்டால் ஊரே குற்றவாளியாகும்.

இதன் பொருளைச் சற்று யோசித்துப் பாருங்கள். கொழுந்து பறிக்கும் பெண்ணும், பாண் சுடுபவரும், ஊசி போடும் தாதியும், குப்பை அள்ளுபவரும் நமக்குப் பதிலாக ஒரு கடமையை நிறைவேற்றுகிறார்கள். அவர்கள் செய்யாவிட்டால் பாவம் நம் தலையில்! அப்படியானால் அவர்களுக்கு நாம் பட்டிருக்கும் கடன் எவ்வளவு?

பட்டியல் சறுக்கிய இடங்கள்

இந்த அளவுகோலை வைத்து நடந்தவற்றைப் பார்ப்போம்.

முதலில் பாமசி. ஊரடங்கின் தொடக்க நாட்களில் பாமசிகளும் மூடியே இருந்தன. சீனி வியாதிக்கு இன்சுலினும் பிரஷர் மாத்திரையும் நாள் தவறாமல் எடுக்க வேண்டியவர்கள் திண்டாடினார்கள். பின்னர் குறித்த நாட்களில் பாமசிகளைத் திறந்தார்கள். அரசாங்க வைத்தியசாலைக் கிளினிக் நோயாளிகளுக்கு மருந்தைத் தபால் மூலம் வீட்டுக்கே அனுப்பும் ஏற்பாட்டையும் செய்தார்கள். தபால்காரர் கையில் மருந்துப் பொதி! உயிர் காக்கும் அத்தியாவசிய சேவைக்கு இதைவிட நல்ல உதாரணம் வேண்டுமா?

அடுத்தது அறிவு. பாடசாலைகள் மூடப்பட்டு, பாடங்கள் கைத்தொலைபேசி வழியாக வரத் தொடங்கின. தோட்டப்புறங்களில் சிக்னல் தேடிப் பிள்ளைகள் மேட்டில் ஏறி நின்றார்கள். அப்போது ரீலோட் கடையும் போட்டோகொப்பிக் கடையும் பிள்ளைகளின் கல்விக்குக் கதவாகி விட்டன. 2020 மார்ச் வரை எவராவது அவற்றை அத்தியாவசியம் என்று சொல்லியிருப்பார்களா?

இனி அறிவைக் கெடுக்கும் கடைக்கு வருவோம். 2021 ஆகஸ்ட் 20ஆம் திகதி இரவு தொடங்கிய இரண்டாவது பெரிய முடக்கம் அக்டோபர் முதலாம் திகதி அதிகாலை வரை நீடித்தது. பள்ளிவாசல்களில் ஜமாஅத்துத் தொழுகை இல்லாமல் நாம் வீடுகளில் தொழுத காலம் அது. அந்த முடக்கத்தின் நடுவே செப்டெம்பர் 17ஆம் திகதி, ஒரு வெள்ளிக்கிழமை, நாட்டில் மதுக்கடைகள் திறக்கப்பட்டன! கடைகளுக்கு முன்னால் நீண்ட வரிசைகள் நின்றன. மருத்துவர்கள் கண்டித்தார்கள். கள்ளச் சாராயம் பெருகுகிறது, வரி வருமானம் குறைகிறது என்பவை திறப்பதற்கு ஆதரவாகச் சொல்லப்பட்ட வாதங்கள். தமிழ்நாட்டிலும் 2020 மே 7ஆம் திகதி டாஸ்மாக் கடைகள் திறக்கப்பட்டு, மறுநாளே சென்னை உயர் நீதிமன்றத்தால் மூடச் சொல்லப்பட்டு, உச்ச நீதிமன்றத்தின் தடையுத்தரவோடு மே 16ஆம் திகதி மீண்டும் திறந்தன.

அரசாங்கத்துக்கு வருமானம் தேவை என்பதை நாம் மறுக்கவில்லை. ஆனால் கஜானாவின் தேவை ஒன்று, குடும்பத்தின் தேவை வேறொன்று. நாட்கூலி இல்லாத வீட்டில் மிஞ்சியிருக்கும் கடைசி நோட்டை அந்த வரிசை விழுங்கும்போது, பட்டினி கிடப்பது குடிப்பவரின் மனைவியும் மக்களும் அல்லவா?

வெளிநாடுகளும் இதில் தடுமாறத்தான் செய்தன. பிரான்சில் 2020 இலையுதிர் காலத்து முடக்கத்தின்போது புத்தகக் கடைகளை மூடினார்கள். சுப்பர் மார்க்கெட்டில் மட்டும் புத்தகம் விற்கலாமா என்று கடைக்காரர்கள் கேட்டபோது, அங்கிருந்த புத்தகப் பகுதியையும் மூடச் சொன்னார்கள். அமெரிக்காவிலோ பல மாநிலங்களில் துப்பாக்கிக் கடை அத்தியாவசியப் பட்டியலில் இடம் பிடித்தது! ஒவ்வொரு சமூகமும் எதற்கு முதலிடம் கொடுக்கிறது என்பதை அதன் பட்டியல் காட்டிக் கொடுத்துவிடுகிறது.

அத்தியாவசியம் என்றால் ஆபத்தில்லை என்று பொருளா?

இங்கேதான் நம்மில் பலர் தவறுகிறோம். உணவு அத்தியாவசியம். ஆனால் உணவு விற்கும் இடத்தில் நெரிசல் அத்தியாவசியம் இல்லை. 2020 அக்டோபரில் மினுவாங்கொடையில் ஓர் ஆடைத் தொழிற்சாலையில் நோய் வெடித்தது. அதே மாதத்தில் பேலியகொடை மீன் சந்தையில் பரவியது. மொத்த வியாபாரச் சந்தை என்பதால் மீனோடு சேர்ந்து நோயும் நாட்டின் பல ஊர்களுக்குப் பயணம் செய்தது. அந்த மாத இறுதியில் குருவிட்டைக்கு அயலிலுள்ள எஹெலியகொடை பொலிஸ் பிரிவும் தனிமைப்படுத்தல் ஊரடங்கின் கீழ் வந்தது. சென்னையின் கோயம்பேடு காய்கறிச் சந்தையும் இதே காரணத்தால் 2020 மே மாதத்தில் மூடப்பட்டது.

எனவே 'திறப்பதா, மூடுவதா' என்ற கேள்வியோடு நின்றுவிடக் கூடாது. 'எப்படித் திறப்பது' என்றும் கேட்க வேண்டும். லொறியில் மரக்கறி வீடு தேடி வந்ததும், முச்சக்கர வண்டியில் பாண் லயத்து வாசலுக்கே வந்ததும், தேசிய அடையாள அட்டையின் கடைசி இலக்கத்தைக் கொண்டு இன்ன நாளில் இன்னார் வெளியே வரலாம் என்று 2020 மே மாதத்தில் முறை வைத்ததும் இந்தக் கேள்விக்குக் கிடைத்த விடைகளே.

காலமும் பட்டியலை மாற்றும். 2021 மே 21ஆம் திகதி முதல் ஜூன் 21ஆம் திகதி வரை நாட்டில் பயணத் தடை இருந்தது. ஜூன் முதல் வாரத்தில் கடும் மழை பெய்து இரத்தினபுரி, கேகாலை மாவட்டங்களில் வெள்ளமும் மண்சரிவும் ஏற்பட்டன. வீட்டுக்குள் இரு என்று சட்டம் சொல்ல, வெளியே ஓடு என்று வெள்ளம் சொன்னது! கூரை ஒழுகும் வீட்டுக்குத் தறப்பாளும் ஆணியும் விற்கும் ஹாட்வெயார் கடை அன்றைக்கு அரிசிக் கடைக்குச் சமம். கொழும்பில் இருந்து எழுதும் பட்டியலுக்கு இது தெரியாது. குருவிட்டையில் இருப்பவருக்குத்தான் தெரியும்.

மூடச் சொன்னவரின் கடமை

ஹிஜ்ரி 18ஆம் ஆண்டையொட்டி ஷாம் நாட்டில் அம்வாஸ் என்ற கொள்ளை நோய் பரவியது. அந்நாட்டை நோக்கிப் புறப்பட்டிருந்த கலீஃபா உமர் (ரலி) அவர்கள் வழியிலேயே நின்று ஆலோசனை செய்தார்கள். நோய் பரவிய ஊருக்குள் நுழையவும் வேண்டாம், அங்கிருப்போர் தப்பி ஓடவும் வேண்டாம் என்ற அண்ணல் நபி (ஸல்) அவர்களின் அறிவுரையை அப்துர் ரஹ்மான் இப்னு அவ்ஃப் (ரலி) அவர்கள் எடுத்துரைத்தார்கள். அது தாம் ஏற்கெனவே எடுத்த முடிவோடு பொருந்தியிருக்கக் கண்டு, அல்லாஹ்வைப் புகழ்ந்து மதீனா திரும்பினார்கள் கலீஃபா. இந்த வரலாற்றை நம்மில் பலர் அறிவோம்.

ஆனால் அந்தக் காலத்தையொட்டியே அரேபியாவில் கொடிய பஞ்சமும் வந்தது. அப்போது அதே உமர் (ரலி) அவர்கள் வெளி மாகாணங்களிலிருந்து தானியம் வரவழைத்து ஏழைகளுக்கு உணவளித்தார்கள். மக்களின் பசி தீரும் வரை தாமும் நெய்யையும் இறைச்சியையும் தவிர்த்தார்கள். நோயைக் கண்டு பாதையை நிறுத்திய அதே தலைவர்தான், பசியைக் கண்டு உணவுப் பொதியைத் தூக்கினார். இரண்டும் சேர்ந்ததுதான் ஆட்சி.

ஒருவரை 'உன் கடையை மூடு' என்று சொல்லும் உரிமை எவருக்கு உண்டோ, அவர் வீட்டு அடுப்பு எரிகிறதா என்று பார்க்கும் கடமையும் அவருக்கு உண்டு. 2020 ஏப்ரல், மே மாதங்களில் வறிய குடும்பங்களுக்கு அரசாங்கம் 5,000 ரூபாய் கொடுத்தது. 2021 ஆகஸ்ட் முடக்கத்தின்போது 2,000 ரூபாய் கொடுத்தது. கொடுத்தது நல்லதே. ஆனால் ஐந்தாறு பேர் உள்ள வீட்டுக்கு அது எத்தனை நாள் தாங்கும் என்பதை ஒவ்வொரு தாயும் அறிவாள்.

திறந்திருக்கச் சொன்னவரின் கடமையும் இதற்குக் குறைந்ததல்ல. 2020இல் டொலர் தேடித் தரும் அத்தியாவசியத் தொழிலாளி என்று பாராட்டப்பட்ட தோட்டத் தொழிலாளியின் நாளாந்த அடிப்படைச் சம்பளம் 700 ரூபாய். பல காலம் கேட்டுக் கேட்டு, 2021 மார்ச்சில்தான் அது 1,000 ரூபாய் என்று வர்த்தமானியில் வந்தது. ஒரே அறையில் ஒரு குடும்பம் வாழும் லயத்தில், ஒருவருக்கு நோய் கண்டால் எந்த அறையில் தனிமைப்படுத்துவது? மலையில் இடைவெளி விட்டுக் கொழுந்து பறித்தாலும், மாலையில் திரும்பி வருவது அந்த லயத்துக்குத்தானே! அத்தியாவசியம் என்ற பட்டத்தை மட்டும் கொடுத்து, முகக்கவசத்தையும் சவர்க்காரத்தையும் வாழத்தக்க வீட்டையும் கொடுக்காமல் இருப்பது நியாயமாகுமா?

நாம் என்ன செய்யலாம்?

இதெல்லாம் அரசாங்கத்தின் வேலை என்று சொல்லிவிட்டு நாம் ஒதுங்கிவிட வேண்டாம். ஒவ்வொரு மஹல்லாவும் இப்போதே செய்து வைக்கக்கூடிய காரியங்கள் சில உண்டு.

பள்ளிவாசல் நிர்வாகம் ஊரிலுள்ள குடும்பங்களைத் தொழில்வாரியாக ஒரு கொப்பியில் எழுதி வைக்கட்டும். நாட்கூலி வாங்குபவர் யார், கடை மூடினால் அன்றே வருமானம் நிற்பவர் யார் என்பது அதில் தெரிய வேண்டும். நாள் தவறாமல் மருந்து எடுப்பவர், கைக்குழந்தைக்குப் பால்மா வாங்குபவர், பிரசவத்தை எதிர்நோக்கியிருப்பவர் ஆகியோரின் விபரமும் இருக்கட்டும். அயலிலுள்ள சிங்கள, தமிழ்ச் சகோதரர்களின் வீடுகளையும் தோட்டத்து லயங்களையும் விட்டுவிடக் கூடாது. அண்டை வீட்டுக்காரர் பசித்திருக்கத் தான் மட்டும் வயிறார உண்பவன் முஃமின் அல்லன் என்ற கருத்தில் வந்துள்ள நபிமொழி, அண்டை வீட்டுக்காரரின் மதத்தைக் கேட்கவில்லை.

பிரதேச செயலாளர், கிராம உத்தியோகத்தர், பொதுச் சுகாதாரப் பரிசோதகர் ஆகியோருடன் நல்லுறவு வைத்திருக்க வேண்டும். ஊர்த் தேவையை எடுத்துச் சொல்ல ஆளிருந்தால் பட்டியலும் ஊருக்கேற்பத் திருந்தும். பம்பு வேலைக்கு இரண்டு மணி நேரம், ரீலோட் கடைக்கு வாரத்தில் இரண்டு நாள் என்று கேட்டுப் பெறலாம்.

ஸகாத், ஸதகா நிதியில் இப்படிப்பட்ட நாட்களுக்கென்று ஒரு பங்கை ஒதுக்கி வைக்கலாம். மூடச் சொல்லப்பட்ட தையற்காரரிடமும் சலூன்காரரிடமும் 'உதவி' என்று சொல்லிக் கையை நீட்ட வைக்காமல், அவர் நமக்காக இழந்ததை நாம் ஈடுசெய்கிறோம் என்ற எண்ணத்தோடு வீட்டுக்கே கொண்டு போய்க் கொடுப்போம்.

வியாபாரச் சகோதரர்களுக்கு ஒரு வார்த்தை. திறந்திருக்கும் ஒரே கடை உங்களுடையதாக இருக்கும் நாளில்தான் உங்கள் ஈமான் சோதிக்கப்படுகிறது. விலை ஏறட்டும் என்று பதுக்கி வைப்பதை நபி (ஸல்) அவர்கள் கடுமையாகக் கண்டித்திருக்கிறார்கள். கடன் கொப்பியில் எழுதிக்கொண்டு அரிசியும் மாவும் கொடுத்த கடைக்காரர்கள் பலர் அந்த நாட்களில் பல வீடுகளின் மானத்தைக் காத்தார்கள். அல்லாஹ் அவர்களுக்குப் பரக்கத் செய்வானாக!

சகோதரிகளே, உங்கள் கையிலும் ஒரு பட்டியல் இருக்கிறது. ஊரடங்கு வருகிறது என்ற செய்தி கேட்டதும் மூன்று மாதச் சாமானை வாங்கி அடுக்கினால், அடுத்து வரும் ஏழைப் பெண்ணுக்குத் தட்டில் ஒன்றும் இருக்காது. வீட்டில் எது ளரூரிய்யாத், எது ஹாஜிய்யாத், எது வெறும் அழகுக்கு என்று பிள்ளைகளையும் உட்கார வைத்து ஒரு நாள் எழுதிப் பாருங்கள். அந்தப் பட்டியலைச் சரியாக எழுதப் பழகிய பிள்ளை, நாளை ஒரு செயலகத்தில் அமர்ந்து நாட்டுக்குப் பட்டியல் எழுத நேர்ந்தாலும் ஏழையின் அடுப்பை மறக்காது, இன்ஷா அல்லாஹ்.

யா அல்லாஹ்! கொடிய நோய்களை விட்டும் எங்களைக் காப்பாயாக! சோதனை வந்தால், எங்கள் கதவுகளை மூடும் நேரத்திலும் எங்கள் அயலாரின் பசியைக் காணும் கண்களைத் தருவாயாக! ஆமீன்.